கரும்பலகைக்கு முன்னால்: அறிவியல் நேர்காணலும் நம் மாணவர்களும்

கோடை நெருங்கும்போது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அறிவியல் படிக்கும் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். கேட், நெட், ஜெஸ்ட், ஜாம் என்று ஏதோ ஒரு எழுத்துத் தேர்வைத் தாண்டியிருப்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமோ, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமோ அவர்களை நேர்காணலுக்கு அழைத்திருக்கும். வீட்டில் மகிழ்ச்சி, துறையில் பாராட்டு. அடுத்த நாள் அந்த மாணவர் கேட்கும் கேள்விக்குத்தான் பெரும்பாலான கல்லூரிகளில் பதில் இருப்பதில்லை: "உள்ள என்ன சார் கேப்பாங்க?"

பதில் இல்லாத இடத்தை இரண்டு வகை அறிவுரைகள் நிரப்பிவிடுகின்றன. ஒன்று, வங்கி வேலைக்கும் ஐடி கம்பெனிக்கும் போகிறவர்களுக்குச் சொல்வது. சட்டையை இன் பண்ணிக்கொள், கண்ணைப் பார்த்துப் பேசு, உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பத்தியை மனப்பாடம் செய்து வை. இன்னொன்று, எம்.எஸ்சி. பாடத்திட்டம் முழுவதையும் பத்து நாளில் திருப்பிப் படித்துவிடு. இரண்டும் அக்கறையில் சொல்லப்படுபவைதான். ஆனால் அந்த அறைக்குள் நடப்பதற்கும் இவற்றுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

அங்கே பார்க்கப்படுவது, தன்னைவிட அதிகம் தெரிந்த ஒருவர் முன்னால் வாய்விட்டு யோசிக்க ஒரு மாணவரால் முடிகிறதா என்பதைத்தான். அது பழக்கத்தால் வருவது. அதற்கு ஒரு வாரம் போதாது, ஓராண்டு வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பெற பெருநகரக் கல்லூரி தேவையில்லை, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டவும் தேவையில்லை. அதே சமயம், நேர்காணல் நியாயமாக நடக்கவேண்டிய பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் வைத்துவிட முடியாது. நேர்காணல் நடத்துகிறவர்களும் தயாராக வேண்டும் என்பதற்கு நம் நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளே சாட்சி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

அறைக்குள் நடப்பது

நிறுவனத்துக்கு நிறுவனம், துறைக்குத் துறை வேறுபாடு உண்டு. பொதுவான வடிவம் இதுதான்: மூன்று, நான்கு பேராசிரியர்கள், சில இடங்களில் இன்னும் கூடுதலாக. ஒரு கரும்பலகை அல்லது வெள்ளைப் பலகை. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். 2020-க்குப் பிறகு இணையவழி நேர்காணலும் பல இடங்களில் வழக்கத்துக்கு வந்தது.

பெயர், ஊர், கல்லூரி முடிந்ததும் அநேகமாக வரும் முதல் கேள்வி: உனக்குப் பிடித்த பாடம் எது? நேர்காணலின் பாதி விதி இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. மதிப்பாக இருக்கும் என்று நினைத்து "குவாண்டம் புலக் கோட்பாடு" என்று சொல்லிவிட்டு, ஹைட்ரஜன் அணுவைப் பற்றிய இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும் மாணவர்கள் பலர். "இயக்கவியல்" என்று அடக்கமாகச் சொன்னவர், கேட்கக் கேட்க ஆழத்துக்குப் போக முடிந்தால் தேர்வாகிவிடுகிறார். மூன்றாவது 'ஏன்' வரைக்கும் எந்தப் பாடத்தில் தாக்குப்பிடிக்க முடியுமோ அதையே பிடித்த பாடமாகச் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, வீட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே மூன்று முறை ஏன் என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

அதன் பிறகு ஒரு கணக்கு, ஒரு வரைபடம், ஒரு சோதனை என்று போகும். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வரும் கோட்டைப் பலகையில் வரை என்பார்கள். பூஜ்ஜியத்தில் என்ன ஆகும், எங்கெல்லாம் அச்சை வெட்டும், தூரம் போகப் போக எப்படித் தேயும் என்று சொல்லிக்கொண்டே வரைய வேண்டும். வரைந்து முடித்ததும், இதை இயற்பியலில் எங்கே பார்த்திருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒற்றைப் பிளவில் ஒளியின் விளிம்பு விளைவு நினைவுக்கு வருகிறவருக்கு அடுத்த பத்து நிமிடம் இனிமையாகப் போகும்.

ஒரு படகும் ஒரு கல்லும்

நல்ல நேர்காணல் கேள்வி எப்படி நடக்கும் என்பதற்கு எல்லோருக்கும் புரியக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குளத்தில் படகு மிதக்கிறது. படகில் ஒரு பெரிய கல். அந்தக் கல்லைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிட்டால் குளத்து நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?

எங்கள் துறையில் பயிற்சிக்காக ஒரு மாணவியிடம் இதைக் கேட்டபோது அவர் உடனே ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பாடநூலில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். சரிம்மா, மட்டம் என்ன ஆகும் என்றேன். அமைதி. பிறகு மெதுவாக, "கல்லு தண்ணிக்குள்ள போகுதுல்ல சார், அப்ப ஏறும்" என்றார். படகுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது லேசாயிடும், மேல வரும்." ஆக, ஒன்று ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது. எது பெரியது? மறுபடியும் அமைதி. அந்த இடத்தில் ஒரு குறிப்பு கொடுத்தேன்: கல் கடுகளவுதான் இருக்கிறது, ஆனால் படகளவு எடை என்று வைத்துக்கொள். அவர் முகம் மாறியது. கடுகு படகில் இருந்தால் படகு ஆழமாக அமிழும், நிறைய நீரை ஒதுக்கும். நீரில் போட்டுவிட்டால் கடுகளவு இடத்தைத்தான் அடைக்கும். "இறங்கும் சார்! படகுல இருந்தா எடைக்குச் சமமான தண்ணிய ஒதுக்குது, அடியில கெடந்தா அதோட கனஅளவு தண்ணியத்தான் ஒதுக்குது."

விடை வந்துவிட்டது. நேர்காணல் இங்கேதான் தொடங்குகிறது. கல்லுக்குப் பதில் மரக்கட்டையைப் போட்டால்? கட்டை மிதக்கும், அப்போதும் தன் எடை அளவு நீரையே ஒதுக்கும், மட்டம் மாறாது. கல்லைப் போடாமல், படகின் அடியில் கயிற்றில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால்? பலர் தடுமாறும் இடம் இது. கல் நீருக்குள் போய்விட்டது, ஆகவே இறங்கும் என்பார்கள். ஆனால் கல்லைச் சுமப்பது இன்னும் படகுதான். படகும் கல்லும் சேர்ந்து மிதக்கின்றன, சேர்ந்த எடை மாறவில்லை, மட்டமும் மாறாது. கயிற்றை அறுத்துக் கல் அடியில் போய்ச் சேரும்போதுதான் இறங்கும்.

அடுத்தது, எவ்வளவு இறங்கும்? குளம் 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்று கொள்வோம், பரப்பு 400 சதுர மீட்டர். கல் 50 கிலோ, நீரைப்போல் இரண்டரை மடங்கு அடர்த்தி. படகில் இருக்கும்போது 50 லிட்டர் நீரை ஒதுக்கியது, அடியில் கிடக்கும்போது 20 லிட்டர். வித்தியாசம் 30 லிட்டர். அதைக் குளம் முழுக்கப் பரப்பினால் 0.075 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அப்படியென்றால் இதைச் சோதித்துக் காட்டக் குளம் உதவாது. வாளியும் கிண்ணமும் ஒரு இரும்புக் குண்டும் வேண்டும் என்று அந்த மாணவி தானாகச் சொன்னார். எனக்கு அன்று மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

ஒரே கேள்வியில் எத்தனை பார்க்க முடிகிறது என்று கவனியுங்கள். மனப்பாடம் செய்த தத்துவத்தைப் பயன்படுத்தத் தெரிகிறதா, எதிரெதிராக இழுக்கும் இரண்டு விளைவுகளைப் பிரித்துப் பார்க்கிறாரா, ஒரு குறிப்பு கிடைத்தால் பிடித்துக்கொள்கிறாரா, அளவு பற்றிய உணர்வு உண்டா, சோதனையாக யோசிக்கிறாரா. தொடக்கத்தில் தவறான விடை சொன்னது எந்த இடத்திலும் குறையாகவில்லை. நேர்காணல் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: தவறாகச் சொல்லிவிட்டு, தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறவரைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். ஆராய்ச்சியில் தினமும் செய்யப்போவது அதைத்தானே.

ஓர் எல்லைக்கு இழுத்துப் பார்ப்பது (கடுகளவு கல்), ஒத்த அமைப்பைத் தேடுவது, அலகுகளைச் சரிபார்ப்பது, தோராய எண் போட்டுப் பார்ப்பது ஆகியவை இயற்பியலில் எந்தக் கேள்விக்கும் உதவும் கருவிகள். பாடத்திட்டத்தில் இவற்றுக்கு அலகும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதனாலேயே யாரும் கற்றுத்தருவதில்லை.

மற்ற துறைகளும் புராஜெக்ட்டும்

வேதியியலில் எல்லோரும் எதிர்பார்க்கும் கேள்வி: தண்ணீர் ஏன் திரவம், ஹைட்ரஜன் சல்பைடு ஏன் வாயு? ஹைட்ரஜன் பிணைப்பு என்று பதில் வரும். சரி, ஹைட்ரஜன் ஃப்ளோரைடில் அந்தப் பிணைப்பு இன்னும் வலுவானதாயிற்றே, அது ஏன் சுமார் 20 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, தண்ணீருக்கு ஏன் 100 வேண்டியிருக்கிறது? ஒரு நீர் மூலக்கூறு நான்கு பக்கம் கைகோர்க்க முடியும், ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இரண்டு பக்கம்தான் என்று படம் போட்டுச் சொல்பவர் வேதியியலைப் புரிந்து படித்தவர்.

உயிரியலில் சோதனையை வடிவமைக்கச் சொல்வார்கள். ஒளியை நோக்கி வளையாத ஒரு செடி கிடைத்திருக்கிறது. அதற்கு ஒளி தெரியவில்லையா, தெரிந்த செய்தி கீழே போகவில்லையா, செய்தி போயும் தண்டு வளரவில்லையா? எப்படிப் பிரித்தறிவாய்? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட சோதனையில் புல் நாற்றின் நுனியை மட்டும் மூடிப் பார்த்தார்கள். வளையவில்லை. நுனியை விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை மூடினார்கள். வளைந்தது. உணர்வது ஓரிடம், வளைவது வேறிடம். இந்தச் சோதனை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஆனால் அதை ஆக்சின் என்ற ஒரு சொல்லாக நினைவில் வைத்திருப்பவருக்கும், ஒப்பீட்டுச் செடி இல்லாமல் எதையும் முடிவுகட்டக்கூடாது என்ற பாடமாக நினைவில் வைத்திருப்பவருக்கும் அந்த அறையில் பெரிய வேறுபாடு தெரியும்.

எம்.எஸ்சி. முடித்துப் போகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அவர்களுடைய சொந்தப் புராஜெக்ட். நம் கல்லூரிகளில் இயற்பியல் புராஜெக்ட் என்றால் படிக வளர்ப்போ நானோ துகளோதான் பெரும்பாலும். பொடியைத் தயாரித்து, வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பி, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தை வாங்கி, ஷெரர் சமன்பாட்டில் எண்களைப் போட்டுத் துகளின் அளவு இத்தனை நானோமீட்டர் என்று எழுதி, பைண்டிங் செய்துவிடுகிறோம். நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்த வரைபடத்தைக் காட்டிக் கேட்பார்: துகள் சிறியதானால் இந்தக் கொடுமுடி ஏன் அகலமாகிறது? சமன்பாட்டை எழுதிவிட்டுத் திகைத்து நிற்பவர்களே அதிகம். பெரிய படிகத்தில் ஆயிரக்கணக்கான தளங்கள் இருப்பதால், சரியான கோணத்திலிருந்து இம்மி விலகினாலும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சில பத்துத் தளங்கள் மட்டுமே இருந்தால் அந்த அழிப்பு முழுமையாவதில்லை, விலகிய கோணத்திலும் கதிர் மிஞ்சுகிறது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் போதும். ஆனால் அந்தக் கருவியைக் கண்ணால் பார்க்காமலேயே புராஜெக்ட் முடித்த மாணவரை நான் குறை சொல்லமாட்டேன், அவரை அப்படி முடிக்கவிட்ட நாங்கள்தான் பொறுப்பு. நேர்காணலுக்குப் போகுமுன் அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'இது ஏன்' என்று ஒரு கேள்வியை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதிப் பார்த்தால் பாதிச் சறுக்கல் குறையும்.

நேர்காணல் எதற்கு?

எழுத்துத் தேர்வில் இத்தனை பேரை வடிகட்டிய பிறகு நேர்காணல் ஏன் என்ற கேள்வி நியாயமானது. இதற்குத் தெளிவான பதில் இங்கிலாந்தில் கிடைக்கிறது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளநிலை அறிவியல் படிப்புக்கே நேர்காணல் உண்டு. அங்கே இரண்டு, மூன்று மாணவர்கள் ஓர் ஆசிரியருடன் உட்கார்ந்து, செய்துவந்த கணக்குகளைப் பற்றி விவாதிப்பது வாராந்தரப் படிப்பின் அடிப்படை. அந்த வகுப்பில் ஒருவர் எப்படிக் கற்பார் என்பதைப் பார்ப்பதற்கான சிறு மாதிரிதான் அவர்களுடைய நேர்காணல். நம் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஒரு வழிகாட்டியோடு தினமும் பேசி, மறுத்து, திருத்திப் பணியாற்ற வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அதைக் காட்டாது.

ஆனால் நேர்காணல் உண்மையிலேயே நல்லவர்களைக் கண்டுபிடிக்கிறதா? இங்கேதான் நிறுவனங்கள் அடக்கத்தோடு இருக்க வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகு, மாநிலச் சட்டமன்றத்தின் முடிவால் மேலும் 50 பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நேர்காணலுக்குப் பின் தரவரிசையில் கீழே தள்ளப்பட்டவர்களிலிருந்து அவர்களைச் சேர்த்தார்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதலில் தேர்வானவர்களுக்கும் இந்த 50 பேருக்கும் படிப்பிலும் அதை அடுத்த பயிற்சியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேலே வைத்தவர்களையும் கீழே வைத்தவர்களையும் பிரித்தது பெரும்பாலும் நேர்காணல் செய்தவர்களின் அபிப்பிராயம்தான்.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1955-இல் இஸ்ரேல் ராணுவத்தில் இளைஞராக இருந்தபோது இதே சிக்கலைச் சந்தித்தார். பேசிப் பார்த்து ஆளை எடைபோடும் பழைய முறை எதையும் முன்னறியவில்லை. அவர் ஆறு பண்புகளைக் குறித்துக்கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, அடுத்ததற்குப் போகுமுன் மதிப்பெண் போடச் சொன்னார். நேர்காணல் செய்தவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று கோபப்பட்டார்கள். ஆனால் கணிப்பு கணிசமாகத் தேறியது. ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணல் பயன் தரும், மனம்போன போக்கில் நடத்துவது தராது என்று அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பொதுவாகச் சொல்கின்றன.

நம் நாட்டில் இந்தப் பாடத்தை உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. 1970-இல் தீர்ப்பான பெரியகருப்பன் வழக்கு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றியது. நேர்காணலுக்கு 75 மதிப்பெண் வைத்திருந்தார்கள். எந்தத் தகுதிக்கு எத்தனை என்று பிரிக்காமல் ஒட்டுமொத்தமாக மதிப்பெண் போட்டது செல்லாது என்றது நீதிமன்றம். பத்தாண்டு கழித்து, அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், அதுவும் அப்பா யார், ஊர் எது என்கிற கேள்விகள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த யோசனை நம் கல்வி நிலையங்களில் வழக்கமாகவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நேர்காணலில் பாகுபாடு நுழைந்துவிடும் என்ற அச்சம் கற்பனையானது அல்ல. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் சமூகப் பிரிவுவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. பாகுபாட்டைக் காட்டும் வேறுபாடு தொடர்ந்து தெரிகிறது என்று 2016-இல் அறிக்கை தந்து, நேர்காணல் மதிப்பெண்ணை 30-இலிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதே 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய விதிகள் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, நேர்காணலையே முடிவாக்கின. டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 2022 விதிகளில், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் வழியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவர்களுக்கு எழுத்துத் தேர்வு 70, நேர்காணல் 30 என்று ஆனது.

நேர்காணலை அறவே எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து அல்ல. குரூப் சி, அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி மத்திய அரசுப் பணிகளில் 2016 தொடக்கத்திலிருந்து நேர்காணலை நீக்கியது சரி. ஆராய்ச்சிப் படிப்பில், படகையும் கல்லையும் வைத்து நடந்ததைப்போன்ற அரை மணி நேரம் வேறு எதிலும் கிடைக்காத ஒன்றைக் காட்டுகிறது. மதிப்பெண் பட்டியல் பார்த்தால் பின்னால் நிற்கும் சிற்றூர் மாணவர் தன் அறிவைக் காட்ட அது ஒரு வாசலும்கூட. ஆனால் அந்த வாசலில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே தொடக்கக் கேள்வி, பிரித்துப் போட்ட மதிப்பெண், ஒலிப்பதிவு, தேக்கத்தில் நிற்பவருக்குக் குறைந்தது ஒரு குறிப்பு. சாதியையோ அப்பாவின் வேலையையோ விசாரிக்கும் ஒரு கேள்விகூட இருக்கக்கூடாது. ஆக்ஸ்போர்டு மாதிரிக் கேள்விகளையும், அவற்றை ஏன் கேட்கிறோம் என்ற விளக்கத்தையும் வெளியிடுகிறது. நம் நிறுவனங்கள் எழுத்துத் தேர்வின் பழைய வினாத்தாள்களை வெளியிடுகின்றன. நேர்காணல் கேள்விகளையும் அப்படியே வெளியிட்டால், மூத்த மாணவர் எவரும் முன்பு போயிராத கல்லூரியிலிருந்து வருபவருக்கும் உள்ளே என்ன கேட்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

தயாரிப்பு

கணிதத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்டிடிஎஸ் கோடைப் பயிற்சி முகாம்களில் ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கும் வகுப்பு கிடையாது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பார், மாணவர் எழுந்து பலகைக்கு வந்து முயல வேண்டும். நான்கு வாரத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் வாதாடிக்கொண்டு திரும்புகிறார்கள். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையும் இன்னொரு வழி. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு நேர்காணல் அறை அந்நியமாக இருக்காது.

முகாம் கிடைக்காதவர்களுக்கு? வாரம் ஒரு மணி நேரம், ஒரு கரும்பலகை, இரண்டு நண்பர்கள் போதும். ஒருவர் பலகையில் நிற்க வேண்டும், மற்றவர் 'ஏன்' என்று மட்டும் கேட்க வேண்டும். பலகையில் நிற்பவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசாமல் யோசிக்கக்கூடாது, யோசிப்பதையே சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் கூச்சமாக இருக்கும். நண்பர் முன்னால் தெரியாமல் நிற்பது ஆசிரியர் முன்னால் நிற்பதைவிடக் கடினம் என்று மாணவர்கள் சொல்வார்கள். அந்தக் கூச்சம் போவதுதான் பயிற்சியின் பெரிய பகுதி. பள்ளி நாளிலிருந்தே தெரியாது என்பதை மறைக்கப் பழகியிருக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தது எதுவரை என்று கோடு போட்டுக் காட்டுவது அந்த அறையில் மிகப் பெரிய தகுதி.

புத்தகங்கள் குறைவாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். எச்.சி. வர்மாவின் இயற்பியல் நூலில் உள்ள சிறு கேள்விகளை வாய்விட்டு விளக்கிப் பார்க்கலாம். ஃபைன்மனின் விரிவுரைகள் 2013 முதல் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்பிடெல் வழியாக யாரும் பார்க்கக் கிடைப்பவை. அவர் பலகையில் ஒரு கணக்கை எப்படித் தொடங்குகிறார், எங்கே நின்று யோசிக்கிறார் என்பதைக் கவனித்தாலே நிறையக் கற்கலாம். முதுநிலைப் பாடங்களுக்கு ஓடுவதற்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மறுபடியும் எடுங்கள். நேர்காணலில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது அங்கேதான்.

ஆங்கிலம் பற்றிய பயம் எனக்குத் தெரியும். உந்தம், திசைவேகம், முடுக்கம் என்று தமிழில் படித்துவந்த பிள்ளைகள் அந்த அறையில் சொல்லைத் தேடியே நேரத்தை இழக்கிறார்கள். பயிற்சியைத் தமிழிலேயே தொடங்குங்கள். சிந்தனை ஓடும் மொழியில் முதலில் சிந்தனை ஓடட்டும். பாதிப் பயிற்சி முடிந்தபின் அதே கேள்விகளைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாமா, கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன் சரியா, இது தெரியாது ஆனால் இதுவரை தெரியும் என்பது போன்ற நான்கைந்து வாக்கியங்கள் தடங்கலின்றி வந்துவிட்டால் மீதியைச் சமன்பாடும் படமும் பார்த்துக்கொள்ளும். இலக்கணப் பிழைக்காக அறிவியல் மாணவரை நிராகரிக்கும் குழு தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.

முதல் முறை தேர்வாகாதவர்களுக்கு ஒரு சொல். ஹூஸ்டனில் கீழே தள்ளப்பட்ட 50 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் முடிந்த அன்று இரவே, கேட்ட கேள்விகளையும் எங்கே நின்றோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அது உங்களுக்கு அடுத்த ஆண்டு உதவும், உங்கள் துறையின் இளையவர்களுக்கு அதைவிட அதிகமாக உதவும்.

கல்லூரித் துறைத்தலைவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போது வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த மணி நேரத்தில் சாக்பீஸ் மாணவர் கையில் இருக்கட்டும், மூத்தவர்கள் எழுதிவைத்த அந்த நோட்டு மேசைமேல் இருக்கட்டும். இதற்கு அரசாணையும் நிதியும் தேவையில்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.